டெக்சஸில் உங்கள் மாத்திரை எந்த அட்டவணையில்? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா முதல்முறை டாலஸ் வந்து இறங்கியபோது கைப்பையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் ஏழெட்டு வகை மாத்திரை. பிரஷருக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, முட்டிவலிக்கு ஒன்று, தூக்கம் வராத நாளுக்கு ஒன்று. எல்லாம் கத்தரித்த ஸ்ட்ரிப். "பத்து வேண்டாம், நாலு கொடுங்க" என்று வாங்கிய பழக்கம். அதனால் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி வேறொரு துண்டிலும் போய்விட்டன. தூக்க மாத்திரைத் துண்டில் "அல்ப்ரா" வரைக்கும்தான் இருந்தது, மீதி எழுத்துகள் மதுரையிலேயே தங்கிவிட்டன.

நான் இங்கே ஒரு ஃபார்மசியில் வேலை பார்க்கிறேன். அந்தத் துண்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அது அல்ப்ராசோலம். துஷ்பிரயோகத்துக்கு வாய்ப்புள்ள மருந்துகளை அமெரிக்க அரசு ஐந்து அட்டவணைகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்துகிறது, இது அட்டவணை 4 மருந்து. சீட்டு இல்லாமல், பெயர் இல்லாமல், பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கக் கூடாத பொருள். விமானநிலையத்தில் யாரும் கேட்கவில்லை, அது அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது எழுதி வைக்கிறேன். வழக்கு என்று ஏதாவது வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். வழக்கு வராமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அது கீழே.

முதலில் ஒரு குழப்பம்

நம் ஊரிலும் ஷெட்யூல், அதாவது அட்டவணை, உண்டு. எச், எச்1, எக்ஸ். 1945 மருந்து விதிகளில் வருபவை அவை. எச்1 என்பது 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அமெரிக்க அட்டவணைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே எழுத்து, இங்கே எண். அல்ப்ராசோலம் அங்கே எச்1, இங்கே 4. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள்.

இங்கே அடித்தளம் 1970ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுப் பொருள்கள் சட்டம். அன்றைய அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுவதற்குமான சட்டம் அது. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து அட்டவணைகள். அதே ஆண்டில் மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று ஒரு மாதிரிச் சட்டமும் தயாரானது. பெரும்பாலான மாநிலங்கள் அதை எடுத்துக்கொண்டு, தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டிக்கொண்டன. ஆக, பார்த்தால் எல்லா மாநிலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த வெட்டி ஒட்டிய இடங்களில்தான் வெளியூர்க்காரர் மாட்டிக்கொள்கிறார்.

எண் சின்னதாக இருந்தால் மருந்து அதிக ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒன்றாம் அட்டவணைக்கு அடையாளம், துஷ்பிரயோகத்துக்கு மிகுந்த வாய்ப்பு இருக்க வேண்டும், கூடவே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்றிருக்க வேண்டும். ஹெராயின், எல்எஸ்டி அங்கே. ஆனால் கோகெயின் இரண்டில். மூக்கு அறுவை சிகிச்சையில் மரத்துப்போகச் செய்ய இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கில் உயிரைக் குடிக்கும் ஃபென்டனிலும் இரண்டில்தான், காரணம் அது மயக்க மருந்தும்கூட. சாராயமும் புகையிலையும் எந்த அட்டவணையிலும் இல்லை, சட்டமே அவற்றை வெளியே நிறுத்திவிட்டது. ஆபத்தை வைத்து வரிசை போட்டிருந்தால் அவை எங்கே இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அப்புறம், சமையலறைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கசகசாச் செடியைக் கட்டுப்படுத்தும் ஃபெடரல் வரையறையிலேயே "விதை நீங்கலாக" என்று இருக்கிறது. குருமாவுக்கு இந்தியன் கடையில் தாராளமாக வாங்கலாம்.

படி 1: பொதுப்பெயர், வடிவம், அளவு

இந்திய பிராண்டு பெயரை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஸ்ட்ரிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே என்ன கலந்திருக்கிறது, எத்தனை மில்லிகிராம், மாத்திரையா சிரப்பா என்பதும் வேண்டும். பலர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு.

வலிக்கும் இருமலுக்கும் தரும் கோடீனை எடுத்துக்கொள்ளுங்கள். தனி மாத்திரையாக இருந்தால் அட்டவணை 2. பாராசிட்டமாலோடு கலந்து, ஒரு மாத்திரையில் 90 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் அட்டவணை 3. இருமல் சிரப்பில் 100 மில்லிக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், வேறு மருந்தோடு கலந்திருந்தால் அட்டவணை 5. ஒரே சரக்கு, மூன்று இழுப்பறை. "கோடீன் எந்த ஷெட்யூல்?" என்று யாராவது கேட்டால் "எந்த கோடீன்?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

(பாராசிட்டமாலை இங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள். வந்த முதல் வாரத்தில் காய்ச்சலோடு கடையில் நின்று "பாராசிட்டமால் இல்லையா?" என்று கேட்காத தமிழர் குறைவு.)

படி 2: ஃபெடரல் பட்டியல்

ஃபெடரல் விதித்தொகுப்பில் 21ஆம் தலைப்பு, 1308ஆம் பகுதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு சின்னச் சூத்திரம்: 1308.11 என்றால் அட்டவணை 1, 1308.12 என்றால் 2, இப்படியே 1308.15 வரை. கடைசி இலக்கம்தான் அட்டவணை எண். பொதுப்பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிட வேலை.

கையில் அமெரிக்க மருந்து டப்பா இருந்தால் அதுகூட வேண்டாம். தயாரிப்பாளர் ஒட்டிய லேபிளில் பெரிய "சி" எழுத்தும் அதனோடு ரோம எண்ணும் இருக்கும். சி-யோடு இரண்டு கோடு என்றால் அட்டவணை 2. நாங்கள் கடையில் "சி-டூ" என்றுதான் சொல்வோம். அந்த மருந்துகள் பூட்டிய அலமாரியில் இருக்கும், எண்ணும்போது இரண்டு முறை எண்ணுவோம்.

படி 3: மாநிலப் பட்டியல்

டெக்சஸில் பார்க்க வேண்டியது சுகாதார மற்றும் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 481ஆம் அத்தியாயம். ஆனால் அதைத் திறந்து அட்டவணையைத் தேடினால் இருக்காது. புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அட்டவணையை வெளியிடும் பொறுப்பைச் சட்டம் மாநில சுகாதார சேவைகள் துறையின் ஆணையருக்குக் கொடுத்திருக்கிறது. பட்டியலை அந்தத் துறையின் வெளியீட்டில் பார்க்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் பட்டியல் சட்டப்பிரிவுக்குள்ளேயே அச்சாகியிருக்கும்.

ஃபெடரல் அரசு ஒரு மருந்தின் அட்டவணையை மாற்றினால், ஆணையர் ஆட்சேபணை சொல்லாவிட்டால் சுமார் ஒரு மாதத்தில் டெக்சஸும் பின்தொடரும். அதனால் சாதாரண மருந்துக்கடை மருந்துகளில் இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். டிராமடால் எனும் வலிமருந்து 2014 ஆகஸ்டில் அட்டவணை 4-க்குள் வந்தது. இன்னொரு வலிமருந்தான ஹைட்ரோகோடோனின் கலவைகள் அதே ஆண்டு அக்டோபரில் 3-லிருந்து 2-க்கு ஏறின. பழைய பாடப்புத்தகம் வைத்து ஃபார்மசி டெக்னீஷியன் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த இரண்டில் இன்றும் தவறுகிறார்கள். பட்டியலின் தேதியைப் பாருங்கள், புத்தகத்தை நம்பாதீர்கள்.

படி 4: அட்டவணை வேறு, தண்டனைத் தொகுதி வேறு

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டெக்சஸின் தனித்தன்மை இதுதான்.

மருந்தை யார் எழுதலாம், எத்தனை முறை திரும்ப வாங்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அட்டவணை தீர்மானிக்கிறது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் என்ன தண்டனை என்பதை அட்டவணை தீர்மானிப்பதில்லை. அதற்குச் சட்டமன்றம் தனியாக இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறது: தண்டனைத் தொகுதிகள். 1, 1-ஏ, 1-பி, 2, 2-ஏ, 3, 4. இதில் 1-பி 2021இல் ஃபென்டனிலுக்காகவே உருவானது. கஞ்சா இலை இவற்றில் எதிலும் சேராமல் தனிப் பிரிவில் நிற்கிறது.

இரண்டு பட்டியலும் ஒரே வரிசையில் போவதில்லை. கெட்டமின் எனும் மயக்க மருந்து அட்டவணை 3, நடுத்தரம். ஆனால் தண்டனைத் தொகுதியில் 1, ஹெராயினுக்கும் கோகெயினுக்கும் பக்கத்தில். இன்னொன்று: ஏடிஎச்டி எனும் கவனக்குறைவுச் சிக்கலுக்குத் தரும் இரண்டு பிரபல மருந்துகள், ஆம்ஃபெட்டமின் உப்புகளும் மெத்தில்ஃபெனிடேட்டும். இரண்டும் அட்டவணை 2. தண்டனையில் ஆம்ஃபெட்டமின் தொகுதி 2, மெத்தில்ஃபெனிடேட் தொகுதி 3. பரீட்சைக்கு முந்தைய இரவு அறைத்தோழனிடம் "ஒரு மாத்திரை கொடு மச்சி" என்று வாங்கி வைத்திருக்கும் மாணவனுக்கு இந்த வித்தியாசம் என்ன செய்யும்? தொகுதி 2-இல் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே ஃபெலனி எனும் பெருங்குற்றம், 180 நாள் முதல் 2 ஆண்டு வரை மாநிலச் சிறை. தொகுதி 3-இல் 28 கிராமுக்குக் குறைவு என்றால் ஏ வகுப்பு சிறுகுற்றம், அதிகபட்சம் ஓராண்டு.

கிராம் என்கிறபோது மருந்தின் கிராம் என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரையில் 10 மில்லிகிராம்தானே மருந்து, மீதி மாவுதானே என்ற வாதம் எடுபடாது. கலந்திருக்கும் எல்லாமும் சேர்த்துத்தான் எடை. 2014இல் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் 19 வயதுப் பையன் ஒருவன் கஞ்சா எண்ணெய் கலந்த பிரவுனியோடு பிடிபட்டபோது, மாவு, சர்க்கரை, கோகோ எல்லாம் சேர்த்து எடை போட்டார்கள். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டாக அது எழுதப்பட்டது. பிறகு குறைத்தார்கள் என்பது வேறு கதை.

கஞ்சா இலை தனிப் பிரிவில் நிற்பதால்தான் இலைக்கும் எண்ணெய்க்கும் இவ்வளவு தூரம். இரண்டு அவுன்ஸ் வரை கஞ்சா இலை வைத்திருந்தால் பி வகுப்பு சிறுகுற்றம். அதன் போதைச் சத்தான டிஎச்சி கலந்த எண்ணெய் நிரப்பிய வேப் கார்ட்ரிட்ஜ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் தொகுதி 2, ஃபெலனி. கலிபோர்னியாவிலோ கொலராடோவிலோ பில் போட்டு வாங்கியது என்றாலும் டெக்சஸ் எல்லையைத் தாண்டியதும் அந்த பில் வெறும் காகிதம்.

படி 5: மாநிலம் மாறினால் மறுபடி முதலிலிருந்து

வேலை மாறி கென்டக்கி போகிறீர்கள் என்று வையுங்கள். நரம்புவலிக்குச் சாப்பிடும் கேபாபென்டின் ஃபெடரல் பட்டியலிலும் இல்லை, டெக்சஸிலும் கட்டுப்பாட்டு மருந்து இல்லை. கென்டக்கியில் 2017இலிருந்து அட்டவணை 5.

"அட்டவணை 6" என்று எங்காவது கண்டால் திகைக்க வேண்டாம். ஃபெடரல் சட்டத்தில் ஐந்தோடு முடிகிறது, சில மாநிலங்கள் ஆறாவதைச் சேர்த்திருக்கின்றன. வட கரோலினாவில் ஆறு என்றால் கஞ்சா. மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் ஆறு என்றால் மருத்துவர் சீட்டு தேவைப்படும் மற்ற சாதாரண மருந்துகள், உங்கள் பிரஷர் மாத்திரை உட்பட. பாஸ்டனுக்குப் போன நண்பர் ஒருவர் "என் பிரஷர் மாத்திரையை ஷெட்யூல் சிக்ஸ்ல போட்டுட்டாங்க" என்று இரவு பதினோரு மணிக்குப் பதறி அழைத்தார். தூங்கச் சொன்னேன்.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இன்னொரு ரகம். சீட்டு வேண்டாம், ஆனால் கவுன்ட்டருக்குப் பின்னால்தான் இருக்கும். அடையாள அட்டை காட்ட வேண்டும், ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் தரமாட்டார்கள். ஆரிகன் மாநிலம் 2006இல் அதையே சீட்டு மருந்தாக்கி, 2022இல் தளர்த்தியது. நாட்கணக்கில் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் இவை மாறும்.

படி 6: கவுன்ட்டரில் என்ன நடக்கும்

சட்டம் தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போடுவது எங்களுக்கு வாராந்திரக் காட்சி. அட்டவணை 2-க்கு ரீஃபில், அதாவது அதே சீட்டில் மறுபடி வாங்குவது, கிடையாது, ஒவ்வொரு முறையும் மருத்துவரின் புதுச் சீட்டு. 3-க்கும் 4-க்கும் ஆறு மாதத்துக்குள் அதிகபட்சம் ஐந்து ரீஃபில். டெக்சஸில் 2021 ஜனவரி முதல் கட்டுப்பாட்டு மருந்துக்கான சீட்டு கணினி வழியாக வர வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. தாளில் எழுதி வாங்கிவந்து நீட்டினால் நாங்கள் கை விரிப்பதற்கு அதுதான் காரணம், திமிர் இல்லை.

நீங்கள் வாங்குவது மாநிலக் கண்காணிப்புத் தரவுத்தளத்தில் ஏறும். ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து), பென்சோடயசெபின் (அல்ப்ராசோலம் இந்த வகை), பார்பிச்சுரேட் (பழைய தூக்க மருந்து வகை), கேரிசோப்ரொடால் (தசைப்பிடிப்பு மருந்து) ஆகியவற்றை எழுதுமுன் மருத்துவர் அதைப் பார்த்தாக வேண்டும், 2020 மார்ச் முதல். ஒருவரே முட்டிவலிக்கு ஒரு மருத்துவர், தூக்கத்துக்கு ஒருவர், அவசரத்துக்கு இன்னொருவர் என்று போகும்போது ஒரே வகை மருந்தை எல்லோரிடமும் வாங்கினால் திரையில் அது வேறு மாதிரி தெரியும். ஏற்கெனவே சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: விசாவில் இருப்பவர்கள்

குடியேற்றச் சட்டம் பார்ப்பது ஃபெடரல் பட்டியலை. மாநிலத்தில் அனுமதி இருக்கிறது என்பதால் கஞ்சா குடியேற்ற அதிகாரிக்குச் சட்டபூர்வமாகிவிடாது. வாங்கியதை எல்லையில் வாயால் ஒப்புக்கொள்வதே சிக்கலாகலாம், தண்டனை ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை.

இதே விதி ஒருவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. துனிசியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து, பச்சை அட்டை பெற்று, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். கான்சஸில் கைதானபோது காலுறைக்குள் நான்கு ஆரஞ்சு மாத்திரைகள் இருந்தன. 2010இல் ஒப்புக்கொண்ட குற்றம், போதைப்பொருளுக்கான உபகரணம் வைத்திருந்தது. உபகரணம் எது? அந்தக் காலுறைதான். சிறைகூட இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆனால் 2012இல் நாடு கடத்திவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, மெல்லூலி எதிர் லிஞ்ச். கான்சஸ் அட்டவணையில் ஃபெடரல் பட்டியலில் இல்லாத பொருள்கள் குறைந்தது ஒன்பது இருந்தன. அவருக்குக் கிடைத்த தண்டனை ஃபெடரல் பட்டியலில் உள்ள பொருளோடு தொடர்புடையது என்று ஆவணம் காட்டவில்லை, ஆகவே நாடு கடத்தியது தவறு என்று 2015 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதியது.

இரண்டு பட்டியலும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்தால், "சின்னக் குற்றம்தானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு" என்கிற யோசனையைக் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுமுன் குற்றவியல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் பாருங்கள்.

படி 8: ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது

சொந்த உபயோகத்துக்கான கட்டுப்பாட்டு மருந்தைப் பயணி கொண்டுவர ஃபெடரல் விதி இடம் தருகிறது, ஒன்றாம் அட்டவணை நீங்கலாக. நிபந்தனை: மருந்து வாங்கியபோது இருந்த உறையிலேயே இருக்க வேண்டும், சுங்க அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். ஆகவே முழு ஸ்ட்ரிப்பாக வாங்கச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியை வீசாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடை பில், மருத்துவரின் சீட்டு, ஆங்கிலத்தில் ஒரு பாரா கடிதம், மூன்றும் கைப்பையில். தங்கும் காலத்துக்குத் தேவையான அளவு மட்டும். ஆறு மாதம் தங்குவதாக இருந்தால் இங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து உள்ளூர்ச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. செலவுதான், ஆனால் டப்பாவில் அவர்கள் பெயரோடு லேபிள் இருக்கும்.

அம்மாவுக்கு அப்படித்தான் வாங்கினோம். ஆரஞ்சு நிறக் குப்பி, அம்மாவின் பெயர், மருத்துவர் பெயர். பக்கவாட்டில் ஒரு வாசகம், அட்டவணை 2, 3, 4 மருந்துகள் எல்லாவற்றிலும் இருப்பது: யாருக்காக எழுதித் தரப்பட்டதோ அவரைத் தவிர வேறு எவருக்கும் இதைக் கொடுப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது.

மூன்றாம் வாரம் அம்மா கேட்டார்: "மேல் வீட்டுச் சம்பந்தியம்மாவுக்கு வந்ததிலிருந்து தூக்கமே இல்லையாம். ரெண்டு மாத்திரை கொடுத்துட்டு வரட்டுமா?"

குப்பியைத் திருப்பி அந்த வாசகத்தைக் காட்டினேன். அல்ப்ராசோலம் தொகுதி 3. சீட்டில்லாமல் வைத்திருந்தால் சிறுகுற்றம், இன்னொருவர் கையில் கொடுத்தால் ஃபெலனி. காசு வாங்கினாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"ஒரு உபகாரத்துக்குக் கூடவா?" என்றார் அம்மா. பிறகு பாலில் ஜாதிக்காய் உரசிப் போட்டு, டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு மாடியேறினார்.